பணக்கார நோய் என்று ஒன்று உண்டா?
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மலேசியாவில் மரணத்துக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இதய நோய் நெடுங்காலமாக இருந்துவருவதைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றுக்கு இம்மாதம் விடை தருகிறேன்.

கேள்வி: பணக்கார நாடுகளில் மக்கள் ஒரு வகையான நோய்களாலும் ஏழை நாடுகளில் வேறு வகையான நோய்களாலும் இறக்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் கூறி, அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். உண்மையில் வேறுபாடு அவ்வளவு பெரியதா?
– ஆறாம் படிவ மாணவி, பட்டர்வொர்த்

பதில்: பெரியதுதான், மகளே. உலக வங்கி நாடுகளை வருமானத்தைக் கொண்டு நான்கு அடுக்குகளாகப் பிரிக்கிறது. சிங்கப்பூர் மேல் அடுக்கிலும், மலேசியா அதற்கு அடுத்த மேல் நடுத்தர அடுக்கிலும், இந்தியா கீழ் நடுத்தர அடுக்கிலும் இருக்கின்றன. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் கடைசி அடுக்கைச் சேர்ந்தவை. கோவிட் பெருந்தொற்று கணக்கைக் குழப்புவதற்கு முந்தைய 2019ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் உலகில் 55.4 மில்லியன் பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் 8.9 மில்லியன் பேரை, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவரை, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடும் நோய் கொண்டுசென்றது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மொத்த உலகத்துக்கான இக்கணக்கை வருமான அடுக்குகளாகப் பிரித்தவுடன் படம் மாறிவிடுகிறது.

உயர் வருமான நாடுகளில் இதய நோய் முதலிடத்திலும், முதுமையில் வரும் மறதி நோய் இரண்டாமிடத்திலும், பக்கவாதம் மூன்றாமிடத்திலும் இருந்தன. நுரையீரல் புற்றுநோயும் குடல் புற்றுநோயும் முதல் பத்துக்குள் வந்தன. கடைசி அடுக்கு நாடுகளிலோ, பிறந்த சில நாள்களிலேயே குழந்தைகளைக் கொல்லும் குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், தொற்று ஆகியவை முதலிடத்திலும், நிமோனியா போன்ற நுரையீரல் தொற்றுகள் இரண்டாமிடத்திலும் நின்றன. வயிற்றுப்போக்கு, மலேரியா, காசநோய், எய்ட்ஸ் ஆகியவையும் அங்கே முதல் பத்துக்குள் இருந்தன. உயர் வருமான நாடுகளின் முதல் பத்தில் தொற்றுநோய் வகையைச் சேர்ந்தது நிமோனியா முதலான நுரையீரல் தொற்று ஒன்றுதான்; அதிலும் இறந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

உங்கள் கட்டுரையில் ஒன்றைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழை நாடுகளின் பட்டியலிலும் இதய நோய் மூன்றாமிடத்திலும் பக்கவாதம் நான்காமிடத்திலும் இருந்தன. ஆகவே அந்நாடுகள் பழைய நோய்களையும் புதிய நோய்களையும் ஒரே நேரத்தில், ஒரே மருத்துவமனையில், போதாத மருந்துகளோடு எதிர்கொள்கின்றன. இந்த இரட்டைச் சுமையைச் சொல்லாமல் வேறுபாட்டை மட்டும் எழுதினால் கட்டுரை பாதியாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் தம்பி 52 வயதில் மாரடைப்பால் இறந்தான். லாரி ஓட்டிப் பிழைத்தவன். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "இது பணக்காரர்களுக்கு வருகிற நோயாயிற்றே, உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. இதய நோய் பணக்கார நோய்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, செந்தூல்

பதில்: அம்மா, உங்கள் தம்பியின் மறைவுக்கு முதலில் என் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. துக்க வீட்டில் கேட்கத் தகாதது என்பது ஒருபுறமிருக்க, அந்தக் கேள்வியின் அடிப்படையே தவறானது.

"பணக்கார நோய்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதை விளக்க, கற்பனையாக இரண்டு ஊர்களை வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நூறு மரணங்கள். வசதியான ஊரில் குழந்தைகள் எவரும் இறப்பதில்லை. பிரசவத்தில் தாய்மாரும் இறப்பதில்லை. எல்லாரும் முதுமை வரை வாழ்ந்து, நூறில் நாற்பது பேர் எண்பது வயதுக்கு மேல் இதயம் தளர்ந்து இறக்கிறார்கள். வசதியில்லாத ஊரில் நாற்பது பேர் ஐந்து வயதுக்குள்ளேயே காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் போய்விடுகிறார்கள். இருபது பேர் ஐம்பத்தைந்து வயதில் மாரடைப்பால் இறக்கிறார்கள். பட்டியலை மட்டும் பார்ப்பவர் முதல் ஊரில் நாற்பது, இரண்டாவது ஊரில் இருபது என்று எண்ணி, இதய நோய் வசதியான ஊரின் நோய் என்று முடிவு கட்டிவிடுவார். ஒவ்வொருவரும் எந்த வயதில் இறந்தார் என்று கேட்டிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பட்டியல் என்பது பங்குக் கணக்கு. ஒரு காரணம் குறைந்தால் மற்றொன்றின் பங்கு தானாகவே கூடிவிடும்.

கற்பனையை விட்டு ஆய்வுக்கு வருவோம். பல நாடுகளில், 35 முதல் 70 வயது வரையிலான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 'பியூர்' என்னும் பெரிய ஆய்வில் மலேசியாவும் பங்கேற்றது. 2014இல் வெளியான அதன் முடிவு என்னைப் போன்ற மருத்துவர்களையே நிமிர்ந்து உட்கார வைத்தது. கொழுப்பு, உடல் பருமன் முதலிய ஆபத்துக் காரணிகளைக் கூட்டிப் பார்த்தால் பணக்கார நாட்டு மக்களுக்கே அவை அதிகம். ஏழை நாட்டு மக்களுக்குக் குறைவு. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றால் இறந்தவர்களின் விகிதமோ ஏழை நாடுகளில்தான் மிக அதிகமாக இருந்தது. 2019இல் அதே ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. அந்த வயதினரிடையே, பணக்கார நாடுகளில் இதய நோயால் இறப்பவர்களைப் போல் இரு மடங்கினர் புற்றுநோயால் இறந்தார்கள். ஏழை நாடுகளில் புற்றுநோயால் இறப்பவர்களைப் போல் மும்மடங்கினர் இதய நோயால் இறந்தார்கள். நடுத்தர வயதைப் பொறுத்தவரை, இதய நோயைப் பணக்கார நோய் என்பதைவிட ஏழை நோய் என்று சொல்வதுதான் உண்மைக்கு அருகில் வருகிறது.

இதற்குக் காரணம் விதியும் இல்லை, இரத்தத்தின் குணமும் இல்லை. இரத்த அழுத்தம் கூடியிருப்பதை நாற்பது வயதில் கண்டுபிடித்து, விலை மலிவான மாத்திரையை ஒரு நாளும் விடாமல் இருபது ஆண்டுகள் கொடுக்கும் ஏற்பாடு ஒரு நாட்டில் இருக்கிறது. இன்னொரு நாட்டில் இல்லை. நெஞ்சு வலி வந்த ஒருவர் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கும் மருத்துவமனையை அடைவது ஓரிடத்தில் இயல்பு. இன்னோரிடத்தில் அது அதிர்ஷ்டம். பின்லாந்தின் கிழக்கே வட கரேலியா என்ற மாநிலம் இருக்கிறது. வெண்ணெயும் உப்பும் சிகரெட்டும் மிகுந்த அந்த மாநிலத்தில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். மக்களே கோரியதன்பேரில் 1972இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. உணவை மாற்றினார்கள், புகையைக் குறைத்தார்கள், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினார்கள். நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் அங்கே எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

நம் சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நம் வீடுகளில் சொல்வதுபோல் இனிப்பு நீர், இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் இதயக் குழாய்களைச் சத்தமில்லாமல் அரிக்கும் நோய். அது நீண்டகாலம் இருப்பவருக்கு மாரடைப்பின்போது நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். விடியற்காலையில் வண்டியேறி, சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, தே தாரிக் குடித்து, நள்ளிரவில் வீடு திரும்புகிற ஒரு லாரி ஓட்டுநர் எந்த நேரத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் போவார்? உங்கள் தம்பியிடம் பணம் இல்லாதது அவரைக் காப்பாற்றவில்லை, அம்மா. அது அவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும்.

கேள்வி: என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அந்தக் காலத்தில் இனிப்பு நீரும் மாரடைப்பும் கிடையாது, புழுங்கலரிசிச் சோறுதான் காரணம் என்பார். அதில் உண்மை இருக்கிறதா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: புழுங்கலரிசியைப் பற்றி உங்கள் பாட்டி சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது, ஆனால் அது அவர் நினைத்த நோயைப் பற்றியது அன்று.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நோய்களில் ஒன்று பெரிபெரி. கால்கள் வீங்கி, நரம்புகள் மரத்து, கடைசியில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் வாரிக்கொண்டு போனது. தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. இதைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான வில்லியம் பிளெட்சர், 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது. புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பினார்கள். ஒப்புதல் தர இயலாத நோயாளிகள்மேல் அப்படி ஒரு சோதனையை நடத்த இன்று எவரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. பின்னர், கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே மீண்டும் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் வைட்டமின் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த சமையல் பழக்கம் அவர்களுடைய உயிரைக் காத்தது.

ஆனால் புழுங்கலரிசியால் மலேரியாவைத் தடுக்க முடியவில்லை. காட்டை அழித்து ரப்பர் நட்ட இடங்களில், நீர் தேங்கிய பள்ளங்களில் கொசு பெருகி, தோட்டத் தமிழர்கள் ஏராளமாக மாண்டார்கள். உங்கள் பாட்டியின் கிள்ளானிலேயே 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து மலேரியாவை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். அப்பணி தோட்டங்களுக்குப் பரவ நெடுங்காலம் பிடித்தது. என் சொந்தப் பாட்டி ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரை மட்டுமே வளர்த்தெடுத்தவர். லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், பின்னால் அடக்கம் செய்த குழந்தைகளுக்கு அவர் பெயர்கூடச் சொன்னதில்லை; "காய்ச்சலில் போனது", "வயிற்றாலே போய்ப் போனது" என்றுதான் குறிப்பிடுவார். முதல் பதிலில் நான் குறிப்பிட்ட ஏழை நாடுகளின் பட்டியல் இருக்கிறதே, அது என் பாட்டியின் லயத்துப் பட்டியல்தான்.

ஆகவே அந்தக் காலத்தில் மாரடைப்பு அரிதாகத் தோன்றியதற்கு அன்றாட உடலுழைப்பு ஒரு காரணம் என்றால், அந்நோய் வரும் வயதைப் பலர் எட்டவே இல்லை என்பது இன்னொரு காரணம். இன்று மலேசியாவில் மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா வகைகள் 2018 முதல் உள்நாட்டில் தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் வகை மட்டும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலோ 2022இல் உலகில் மலேரியாவால் இறந்த ஏறத்தாழ 6 லட்சம் பேரில் 95 விழுக்காட்டினர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வடிகாலும் மருந்தும் கொசுவலையும் இருந்தால் தடுக்கக்கூடிய சாவுகள் இவை என்பது கிள்ளானில் நிரூபிக்கப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பு நீருக்கு மருந்து என்று எண்ணி இன்று மூன்று வேளையும் புழுங்கலரிசிச் சோற்றை மலையாகக் குவித்து உண்ண வேண்டாம். அதுவும் மாவுச்சத்துதான்.

கேள்வி: என் தந்தை வீட்டில் உறங்கும்போதே காலமானார். காவல் நிலையத்தில் தந்த அடக்க அனுமதித் தாளில் காரணம் 'சாக்கிட் துவா', அதாவது முதுமை நோய், என்று இருந்தது. முதுமை ஒரு நோயா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: முதுமை நோயன்று. மருத்துவர் உறுதிப்படுத்தாத மரணங்களில், குடும்பத்தார் சொல்வதைக் கேட்டுக் காவல்துறையினர் அப்படிப் பதிவது இங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதால் அவர்களைக் குறை கூற இயலாது. ஆனால் நாட்டின் கணக்குக்கு அத்தாள் உதவுவதில்லை. 2020இல் மலேசியாவில் நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கே மருத்துவச் சான்று இருந்தது. இதய நோய் 17 விழுக்காடு என்று புள்ளிவிவரத் துறை அவ்வாண்டுக்கு அறிவித்தது அந்தப் பங்கை மட்டும் வைத்துத்தான்.

மருத்துவர் சான்று எழுதும்போதும், "இதயம் நின்றுவிட்டது" என்று எழுதினால் போதாது. இறக்கும் எல்லாருக்கும் இதயம் நிற்கிறது. அது எதனால் நின்றது, அதற்கு முன்னால் எது தொடங்கிவைத்தது என்று பின்னோக்கிப் போய், தொடக்கக் காரணத்தை எழுத வேண்டும். அதுதான் எண்ணப்படுகிறது. உலகில் பத்து மரணங்களில் நான்கு எங்கும் பதிவாவதே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. ஆப்பிரிக்காவில் பதிவாவது பத்தில் ஒன்றுதான். ஏழை நாடுகளின் பட்டியல்கள் பெரும்பாலும் மதிப்பீடுகளாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்தியா போன்ற நாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் துக்க வீடுகளுக்கே சென்று, நோய் எப்படித் தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது என்று உறவினரிடம் விசாரித்து எழுதிவர, மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தைத் தீர்மானிக்கிறார்கள். பொறுமையும் கனிவும் வேண்டிய வேலை அது.

கேள்வி: என் மாமியாருக்கு மறதி நோய். அதனால் ஒருவர் இறக்க முடியுமா?
– வாசகி, பத்து கேவ்ஸ்

பதில்: முடியும். அந்நோய் முற்றும்போது விழுங்கும் ஆற்றல் குறைகிறது. உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருகிறது. கடைசியில் வந்தது நிமோனியா என்றாலும் தொடக்கக் காரணம் மறதி நோய்தான். அவருக்கு உணவூட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கவளங்களாக, அவசரமின்றிக் கொடுங்கள். 2018இல் எடுத்த ஆய்வின்படி மலேசியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. நாடு முதுமையடைய முதுமையடைய நம் பட்டியலிலும் இது மேலே ஏறும்.

கேள்வி: தொழிற்சாலையில் என்னுடன் இரவு வேலை பார்த்த இருவர் ஓராண்டுக்குள் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்கள். இது எல்லா நாட்டிலும் இப்படித்தானா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: இல்லை. 2021இல் உலகெங்கும் 1.19 மில்லியன் பேர் சாலையில் இறந்தார்கள். ஐந்து முதல் 29 வயது வரையிலானோரைக் கொல்லும் முதல் காரணம் இதுவே. உலகின் வாகனங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் ஏழை, நடுத்தர நாடுகளில் ஓடுகின்றன. சாலை மரணங்களிலோ 92 விழுக்காடு அங்கே நிகழ்கிறது. மலேசியாவில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணிந்தால் விபத்தில் இறக்கும் ஆபத்து 42 விழுக்காடு குறைகிறது. ஆனால் வாரைக் கட்டாமல் தலையில் கவிழ்த்துவைத்தால் விழும்போது முதலில் கழன்று போவது அதுதான். இரவு வேலை முடிந்து கண் சொருகினால், கால் மணி நேரம் தூங்கிவிட்டு வண்டியை எடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. அவருடைய தந்தை 48 வயதில் மாரடைப்பால் இறந்தார். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, பிறை

பதில்: தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் மகனுக்கு ஆபத்து கூடுதல் என்று மருத்துவம் கருதுகிறது, உங்கள் கவலை நியாயமானது. அவருக்குத் தேவை பெரிய மருத்துவமனை அன்று. வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். அங்கே குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). உங்கள் குடும்பம் அரசின் உதவித்தொகை பெறும் பி40, அதாவது வருமானத்தில் கடைசி நாற்பது விழுக்காட்டைச் சேர்ந்த, குடும்பமாக இருந்தால், நாற்பது வயது கடந்தவர்களுக்கு 2019 முதல் நடப்பிலிருக்கும் 'பெக்கா பி40' திட்டத்தில் பரிசோதனை இலவசம். உங்களுக்கும் நாற்பது ஆகியிருந்தால் இருவரும் சேர்ந்தே செய்துகொள்ளலாம். "நீங்கள் போங்கள்" என்பதைவிட "நான் போகிறேன், துணைக்கு வாருங்கள்" என்று சொன்னால் வருகிற கணவர்களை என் முப்பதாண்டு மருத்துவப் பணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் புகைப்பவராக இருந்தால் அதே கிளினிக்கில் அதை விடுவதற்கும் உதவி கேளுங்கள். நெஞ்சை அழுத்துவதுபோல் வலியோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ, காரணமில்லாத குளிர்ந்த வியர்வையோ என்றைக்காவது வந்தால், வாயுத் தொல்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே 999 எண்ணை அழையுங்கள். அவரையே வண்டி ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள்.